பம்பிங் குறைந்தவரின் காலையும் வயிற்றையும் கிட்னியையும் வீட்டில் கவனிப்பது எப்படி?

எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து ‘பம்பிங் 30 சதவீதம்’, அதாவது இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் குறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நெஞ்சின் மேலேயே கண். வலிக்கிறதா, படபடக்கிறதா என்றுதான் கேட்பார்கள். ஆனால் நிலைமை மோசமாவதைப் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பவை காலும் வயிறும் சிறுநீரும்தான். கால் வீக்கத்துக்கு ஒரு டாக்டர், உப்புசத்துக்கு மெடிக்கலில் ஒரு மாத்திரை, பசியின்மைக்கு ஒரு லேகியம் என்று தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தால், கடைசியில் மூச்சுமுட்டி ஜிப்மர் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டி வரும்.

அந்த எண்ணைக் கேட்டு 70 சதவீதம் போய்விட்டது என்று இடிந்துபோக வேண்டாம். நல்ல இதயமும் ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் உள்ள ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதம் வரைதான் வெளியே தள்ளும். பம்பிங் 50-க்கு மேல் இருந்தும் இதயத் தசை விறைத்துப்போய் இதே இதயச் செயலிழப்பு (ஹார்ட் ஃபெயிலியர்) வருவதுண்டு. பிரஷரும் சுகரும் உள்ள வயதானவர்களிடம் இது அதிகம். பம்பிங் நார்மல் என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காகக் கால் வீக்கத்தை அலட்சியம் செய்யக் கூடாது.

மற்ற உறுப்புகள் கெடுவது இரண்டு வழியில். ஒன்று, முன்னால் போக வேண்டிய ரத்தம் போதவில்லை. இன்னொன்று, பின்னால் தேங்குகிறது. கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: கடல் உள்வாங்காத நாளில் கெடிலத்தில் வெள்ளம் வந்தால் கரையோரத் தெருக்களில் தண்ணீர் ஏறி நிற்குமே, அதேதான். இதயத்தின் இடப்பக்கம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் ஏறும். வலப்பக்கம் தளர்ந்தால் கல்லீரல், குடல், கால் என்று தேங்கும்.

காலையில் செய்ய வேண்டியவை

எடை பார்ப்பதுதான் முதல் வேலை. டிஜிட்டல் மிஷினைப் பாய் மேலே வைக்காமல் வெறும் தரையில் வையுங்கள். எழுந்து, சிறுநீர் கழித்து, காபி குடிப்பதற்கு முன்னால், தினமும் ஏறக்குறைய ஒரே எடையுள்ள உடையில் நிற்கச் சொல்லி, மாதக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதுங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சாப்பாட்டில் ஏறியதல்ல, தேங்கிய நீர். மூச்சு வாங்கும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அடுத்து கால். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் 10 விநாடி அழுத்திப் பிடித்து எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. நேற்று கணுக்காலில் மட்டும் விழுந்த குழி இன்று முழங்காலுக்குக் கீழே வரை விழுகிறதா என்று பாருங்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் கால் வற்றியே இருக்கலாம். இடுப்புக்குப் பின்னால், முதுகின் அடிப்பகுதியில் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். வருஷக்கணக்காக ஒரே கால் வீங்கி, அழுத்தினால் குழி விழாமல் தடித்துப்போயிருந்தால் அது யானைக்காலாக இருக்கலாம். நம் பகுதியில் பழைய நோயாளிகள் இருக்கிறார்கள். பிரஷருக்குப் போடும் அம்லோடிபைன் மாத்திரையாலும் இரண்டு காலும் வீங்கும்.

இரவில் எத்தனை தலையணை வைக்கிறார் என்று எண்ணுங்கள். ஒன்று இரண்டானால், படுத்ததும் இருமல் வந்து எழுந்து உட்கார்ந்தால் இருமல் தணிந்தால், நுரையீரலில் நீர் ஏறுகிறது.

கிட்னி

வீட்டில் அதிகம் குழப்பம் வருவது இங்கேதான். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிட்னிகளுக்குப் போகிறது. வரத்து குறைந்ததும் உடம்பில் நீர்ச்சத்து இல்லை என்று கிட்னி எடுத்துக்கொண்டு, உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைக்கிறது. ஏற்கெனவே திணறும் இதயத்துக்கு மேலும் சுமை. கிட்னியிலிருந்து திரும்பும் நாளத்திலும் ரத்தம் தேங்குவதால் அதன் வடிகட்டும் வேலையும் குறைகிறது.

பம்பிங் குறைந்தவருக்குத் தரும் எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளை ஆரம்பித்த 1 முதல் 2 வாரத்துக்குள் ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும் அளவு), சோடியம், பொட்டாசியம் மூன்றும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததுதான். ‘கிட்னி போய்விட்டது’ என்று பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் இதயம் இன்னும் தளரும். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் மட்டும் அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது துடிப்பையே குலைத்துவிடும்.

அதனால் இந்த மாத்திரை போடுபவர்கள் இளநீரையும் பண்ருட்டிப் பலாவையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். பலாச்சுளை 100 கிராமில் 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உண்டு. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கும் பாக்கெட்டில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். நல்லது என்று நினைத்து வாங்கிப் போடுவார்கள். இவர்களுக்கு அது ஆபத்து.

உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். காலையிலேயே முக்கால் ஸ்பூன் உப்பை ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்து, அவருடைய சமையலுக்கு அதிலிருந்து மட்டும் போடுங்கள். மீதி கால் ஸ்பூன் பிரெட், பிஸ்கட் வழியாகத் தெரியாமலே உள்ளே போய்விடும். கருவாட்டை எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் உப்பு முழுதாக இறங்காது. அப்பளம், வடகம், ஊறுகாய், உப்பு முந்திரி இவற்றையும் அவர் தட்டில் வைக்காதீர்கள். சாப்பாட்டு ஆசையைப் பறிக்கிறோமே என்று வருத்தமாகத்தான் இருக்கும். புளி, மிளகு, பூண்டு, எலுமிச்சையைத் தாராளமாகச் சேர்த்தால் சில வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

தண்ணீர்க் கட்டுப்பாடு எல்லோருக்கும் கிடையாது. ஒன்றரை லிட்டர்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தால், அந்த அளவுப் பாட்டிலை நிரப்பி அதிலிருந்தே குடிக்கச் சொல்லுங்கள். ஒரு டம்ளர் காபியோ மோரோ கஞ்சியோ குடித்தால், அதே டம்ளர் அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள்.

வயிறு, கல்லீரல்

இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்பார்; வலது விலாவுக்குக் கீழே கனக்கும். கல்லீரலும் குடலும் நீர் கோத்து வீங்குவதால் வருவது அது. குடல் வீங்கினால் லேசிக்ஸ் போன்ற நீர் மாத்திரையும் சரியாக உறிஞ்சப்படாது. ‘மாத்திரை போட்டும் சிறுநீர் பிரியவில்லை’ என்றால் இதுவும் ஒரு காரணம். ஊசியாகப் போட வேண்டியிருக்கும். கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை போடுபவருக்குக் கல்லீரல் தேங்கினால் ரத்தம் உறையும் தன்மை மேலும் குறைந்து கசிவு வரலாம், ரத்தம் உறைவதை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்கூட்டியே செய்யுங்கள். உப்புசத்துக்குத் தண்ணீரில் போட்டுக் குடிக்கும், பொங்கும் கேஸ் பொடியும் வேண்டாம், அதில் சோடியம் நிறைய.

மூளை, தசை, ரத்தம்

பெரியவர் திடீரென்று குழம்பிப் பேசினால் வயசாகிவிட்டது என்று ஒதுக்காமல் ரத்தத்தில் சோடியம் பாருங்கள். நாடி தாறுமாறாக இருந்தால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், அந்த வகைத் துடிப்பில் இதயத்துக்குள் ரத்தக்கட்டி உருவாகிப் பக்கவாதம் வரலாம். தொடையும் தோளும் வற்றிக்கொண்டே போகலாம். நீர் கோத்திருப்பதால் எடை மிஷினில் அது தெரியாது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 100-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவுதான். பம்பிங் குறைந்தவருக்கு மாத்திரையை விட நரம்பில் ஏற்றும் இரும்பு பலன் தருகிறது.

வாங்கிக் கொடுக்கக் கூடாதவை

மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மூன்றும் உப்பைப் பிடித்துவைத்துக் கிட்னியையும் கெடுக்கும். பாராசிட்டமால் போதும், தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் வகை வேண்டாம், அதிலும் சோடியம் உண்டு. சுகருக்குப் பியோகிளிட்டசோன் எழுதியிருந்தால் டாக்டருக்கு இதய நோயை நினைவூட்டுங்கள்.

கத்திரி வெயிலில், அல்லது வாந்தி பேதி வந்தால், கதை தலைகீழ். எடை மளமளவென்று இறங்கி, எழுந்தால் தலை சுற்றும். சுகருக்கும் இதயத்துக்கும் தரும் டாபாகிளிஃப்ளோசின், நீர் மாத்திரை, எனலாபிரில் இவற்றில் எதைச் சில நாள் நிறுத்துவது என்று அன்றே டாக்டரிடம் கேளுங்கள்.

உட்கார்ந்தும் மூச்சு முட்டினால், இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தால், மயங்கினால், வாய் கோணினால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை படுக்கவைக்காமல், காலைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்கார வையுங்கள். மயங்கியவரை மட்டும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். காலண்டர் தாள், கடைசி எக்கோ, ரத்த ரிப்போர்ட், நாட்டு மருந்து உட்பட அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு வாசல் பக்கமே மாட்டிவையுங்கள்; கடலூர் அரசு மருத்துவமனையானாலும் சிதம்பரமானாலும் ஜிப்மரானாலும் முதலில் கேட்பது அவற்றைத்தான்.