ஒரே சீட்டுக்கு இரண்டு டிக்கெட்: ரஸ்ட்டில் இம்ப்ளிமென்டேஷன்கள் மோதும்போது செய்யும் தவறுகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பெங்களூர் பெல்லந்தூர் ஆபீஸ். எங்கள் டீமுக்குப் புதிதாக வந்திருக்கும் மதுரைத் தம்பிக்கு ராத்திரி மடிவாளாவில் பஸ். ஊருக்குப் போகிற நேரத்தில் ரஸ்ட் மொழியின் கம்பைலர் மறித்துக்கொண்டது. "அண்ணே, இம்ப்ளிமென்டேஷன் ஒண்ணுதான் புதுசா சேத்தேன், இ0119-னு எரர் வருது."

ஒரே டைப்புக்கு இரண்டு இம்ப்ளிமென்டேஷன் மோதினால் வரும் எரர் அது. அவன் தொட்டது சிஎஸ்வி ஃபைல் (கமா போட்டுப் பிரித்த அட்டவணை) எழுதும் கோட். அதற்கென்று எங்களுடைய ட்ரெய்ட் (ஒரு டைப் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தம்) ஒன்று உண்டு; அதை ஒரு டைப்புக்கு எழுதிக் கொடுப்பதுதான் இம்ப்ளிமென்டேஷன். டிஸ்ப்ளே (மதிப்பைப் படிக்கும்படி எழுத்தாகக் காட்டும் ட்ரெய்ட்) உள்ள எந்த டைப்புக்கும் அது பொதுவாக எழுதப்பட்டிருந்தது. தம்பி ஸ்ட்ரிங்குக்கு மட்டும் தனியாக இன்னொன்று எழுதியிருந்தான், மேற்கோள் குறி போடுவதற்காக. ஸ்ட்ரிங்குக்கும் டிஸ்ப்ளே உண்டே! ஒரே சீட்டுக்கு இரண்டு டிக்கெட்.

சி++ பழகியவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். அங்கே கிளாஸ் டெம்ப்ளேட்டில் பொதுவானதை விடக் குறிப்பானது ஜெயிக்கும். ரஸ்ட்டில் அந்தப் பேச்சே இல்லை, இரண்டும் பொருந்தினால் எரர்தான். ஸ்பெஷலைசேஷன், அதாவது குறிப்பானதுக்கு முன்னுரிமை, வேண்டும் என்ற முன்மொழிவு 2016-லேயே ஏற்கப்பட்டது, ஆனால் இன்னும் நைட்லி என்ற சோதனை வெர்ஷனைத் தாண்டவில்லை. காரணம், லைஃப்டைம் (ஒரு ரெஃபரன்ஸ் எதுவரை செல்லும் என்ற) விவரங்கள் மெஷின் கோட் உருவாகும் முன்பே அழிக்கப்படுவதால், அவற்றை வைத்துத் தேர்ந்தெடுத்தால் மெமரி பாதுகாப்பே உடையலாம். ஸ்டாண்டர்டு லைப்ரரி மட்டும் அதன் சுருக்கமான வடிவத்தை உள்ளுக்குள் பயன்படுத்திக்கொள்கிறது. நமக்கு அந்தச் சலுகை கிடையாது. இதற்காக மட்டும் புரொடக்‌ஷனை நைட்லிக்கு மாற்றாதீர்கள்.

நிபந்தனையை மாற்றினால் தப்பிக்கலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. டிஸ்ப்ளே உள்ளவற்றுக்கு ஒன்று, டீபக் (பிழை தேடும்போது மதிப்பைக் காட்டும் ட்ரெய்ட்) உள்ளவற்றுக்கு ஒன்று என்று எழுதினாலும் மோதும். ஐ32 என்ற சாதாரண முழு எண் டைப்புக்கே இரண்டும் உண்டு.

சரி, பைட் வெக்டருக்கு (பைட்களின் வரிசை) டிஸ்ப்ளே கிடையாதே, அதற்குத் தனியாக எழுதலாமே? தம்பி அதையும் முயன்றான். அதற்கும் எரர். டிஸ்ப்ளே, வெக்டர் இரண்டுமே ஸ்டாண்டர்டு லைப்ரரியின் சொத்து. அடுத்த வெர்ஷனில் அவர்கள் வெக்டருக்கு டிஸ்ப்ளேயைச் சேர்த்துவிடக்கூடும் என்கிறது கம்பைலர். மடிவாளாவில் சீட் காலியாக இருக்கும், உட்காரப் போனால் "ஓசூர்ல ஆள் ஏறும் சார்" என்பார் கண்டக்டர். அதே கதை. எரர் செய்தியில் கீழே இருக்கும் குறிப்பைப் படிக்காமல் மேல் வரியோடு நிறுத்திக்கொள்வதால்தான் பலருக்கு இது புரிவதில்லை.

நம் கிரேட்டிலேயே (நாம் கம்பைல் செய்யும் கோட் தொகுப்பு) உள்ள டைப் என்றால் கதை வேறு. அதற்கு டிஸ்ப்ளே இல்லை என்பது கம்பைலருக்கு உறுதியாகத் தெரியும். அதனால் ஸ்ட்ரிங்கை நாமே வரையறுத்த டைப்பான ஒரு ஸ்ட்ரக்டுக்குள் பொதிந்து, அந்த ஸ்ட்ரக்டுக்குத் தனியாக எழுதினால் வேலை முடிந்தது. பிறகு யாராவது, லாகில் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அந்த ஸ்ட்ரக்டுக்கு டிஸ்ப்ளே எழுதினால் பழைய மோதல் திரும்பி வரும். நான் அங்கே ஒரு கமென்ட் போட்டு வைப்பேன்.

லைப்ரரி வெளியிடுபவர்களுக்கு ஒன்று: எல்லா டைப்புக்கும் பொருந்தும் இம்ப்ளிமென்டேஷனைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்காதீர்கள். உங்கள் ட்ரெய்ட்டை ஏற்கெனவே தங்கள் டைப்புக்கு எழுதியவர்களின் பில்ட் உடையும், அதனால் அது மேஜர் வெர்ஷன் மாற்றம்.

ஹாஸ்கெல் மொழியில் கதை வேறு: 2015-ல் வந்த ஜிஹெச்சி 7.10 கம்பைலர் முதல், மோதலை அனுமதிக்கும் பிராக்மாவை (கம்பைலருக்கு எழுதும் குறிப்பு) ஒவ்வொரு இன்ஸ்டன்ஸிலும் (இம்ப்ளிமென்டேஷனுக்கு அங்கே அந்தப் பெயர்) தனித்தனியாக எழுதலாம். அந்தப் பிராக்மாக்களில் இன்கோஹெரென்ட் என்பதைத் தொடவே தொடாதீர்கள். எது தேர்வானது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும்.

தம்பி ஸ்ட்ரக்ட் போட்டான், பில்ட் ஓடியது. அப்புறம் பார்த்தால் சிஎஸ்வியின் ஒரு நெடுவரிசையில் மட்டும் மேற்கோள் குறி இல்லை. அங்கே பொதிய மறந்திருக்கிறான். வெறும் ஸ்ட்ரிங் பொது வழியில் போய்விட்டது, கம்பைலரும் வாய் திறக்கவில்லை. தேடிப் பிடிப்பதற்குள் பஸ் மடிவாளாவை விட்டுக் கிளம்பிவிட்டது. ஆட்டோ பிடித்து ஓடி சில்க் போர்டில் ஏறினானாம். சீட் காலியாகத்தான் இருந்ததாம்.