லண்டனுக்கு எத்தனை மணி நேரம்?

மகளைப் பார்க்கப் போக பெங்களூரு அல்சூரில் என்னிடம் டிக்கெட் போடும் அம்மாக்கள் முதலில் கேட்பது இதைத்தான். தூரத்தைத் தட்டையான வரைபடத்தில் அளக்காதீர்கள். உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். பெங்களூரு–லண்டன் சுமார் 8,000 கிலோமீட்டர். அதை விமானம் மணிக்குப் போகும் கிலோமீட்டரான 900-ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் ஒன்பதரை மணி நேரம். போகும்போது பெரும்பாலும் எதிர்க்காற்று, இன்னும் ஒரு மணி கூடும். திரும்பும்போது அதே காற்று தள்ளிக்கொண்டு வரும், சீக்கிரம் வந்துவிடலாம்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். மதியம் ஒன்றரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்கு இறங்கினால் அது ஐந்து மணிப் பயணம் அல்ல. குளிர்காலம் என்றால் ஐந்தரை, கோடை என்றால் நாலரை மணி கூட்டுங்கள். அப்புறம், மூன்று மணி நேரம் முன்பே தேவனஹள்ளி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஹெப்பாள் நெரிசலுக்கும் சேர்த்து வழிக்கு இரண்டு மணி ஒதுக்கிவிடுங்கள்.