குடும்பத்தோடு தீவுக் கப்பல் சுற்றுலா: ஓய்வைக் கெடுக்கும் தவறுகள்

தீவுகளைச் சுற்றிவரும் கப்பல் பயணத்தில் ஓய்வு பெரும்பாலும் டிக்கெட் போடும்போதே கெட்டுவிடுகிறது. ஏழெட்டுப் பேர் போகிற குடும்பத்தில், வேகமாக நடப்பவரை மனதில் வைத்துத் திட்டம் போட்டுவிடுகிறார்கள். முழங்கால் வலியுள்ள பாட்டியும், மதியம் தூங்கியே ஆக வேண்டிய இரண்டு வயதுக் குழந்தையும் கணக்கில் வருவதில்லை. கப்பல் ஏறிய பிறகு அந்த இருவருக்கும் நாள் எப்படிப் போகிறதோ, அப்படித்தான் எல்லோருக்கும் போகும்.

தினம் ஒரு தீவு என்று ஆசைப்படுவது

ஏழு இரவுப் பயணத்தில் ஐந்தாறு தீவுகள் என்று விளம்பரத்தில் பார்த்தால் லாபம்போலத்தான் தெரியும். ஒரு தீவு நாள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். விடிந்ததும் எல்லோரையும் எழுப்பிக் கிளப்ப வேண்டும், இறங்க வரிசை, வெயிலில் அலைச்சல், குறித்த நேரத்துக்குள் திரும்ப ஓட்டம், ஏறும்போது மறுபடி பாதுகாப்புச் சோதனை. இதை மூன்று நாள் தொடர்ந்து செய்தால் நான்காம் நாள் பெரியவர்கள் படுத்துவிடுவார்கள். முதியவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் ஏழு இரவுக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு தீவுகள் போதும். இடையிடையே கடலிலேயே கழியும் நாட்கள் இருக்கும் பயணமாகப் பாருங்கள். ஏதாவது ஒரு தீவில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுவதும் நல்ல யோசனை. அன்றைக்குத்தான் நீச்சல் குளமும் நிழல் நாற்காலிகளும் காலியாகக் கிடைக்கும்.

கப்பல் எல்லாத் தீவிலும் கரையோடு ஒட்டி நிற்காது. கிரேக்கத்தின் சான்டோரினி, கரீபியனின் கிராண்ட் கேமன் போன்ற இடங்களில் கப்பல் தள்ளி நிற்கும். டெண்டர் எனப்படும் சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். அலை வரும்போது கப்பல் வாசலும் படகின் தளமும் ஒரே மட்டத்தில் நிற்காது. ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். ஊழியர் கையைப் பிடித்து, இரண்டும் சமமாகும் நொடியில் கால் வைக்கச் சொல்வார். மூட்டுவலி உள்ளவருக்கு அந்த ஓர் அடி பெரிய அடி. சக்கர நாற்காலியை ஏற்றப் பல இடங்களில் அனுமதி இல்லை. அலை அதிகமானால் அந்தத் தீவையே விட்டுவிட்டுக் கப்பல் நகர்ந்துவிடும். சான்டோரினியில் படகிலிருந்து இறங்கிய பிறகும் மலைமேல் இருக்கும் ஃபிரா ஊருக்குக் கேபிள் காரில் ஏற வேண்டும். இல்லையென்றால் 588 படிகள். ஆகவே பயண அட்டவணையில் எந்தெந்தத் தீவுக்கு டெண்டர் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பருவமும் முக்கியம். அட்லாண்டிக்கில் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அதன் உச்சம். கரீபியன் தீவுகளுக்குக் கட்டணம் குறைவாக இருப்பதும் இந்த மாதங்களில்தான். புயல் வந்தால் கப்பல் விலகிப் போய்விடும் என்பதால் ஆபத்து குறைவு, ஆனால் போகும் தீவுகள் மாறிவிடும். குறிப்பிட்ட ஒரு தீவுக்காகவே கிளம்புகிறவர்கள் இந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

அறையை விலை பார்த்து எடுப்பது

அலையில் கப்பல் சீசாப் பலகை மாதிரிதான் ஆடும்: முன்முனையும் பின்முனையும் அதிகம் ஏறி இறங்கும், நடுப்பகுதி குறைவாக அசையும். பக்கவாட்டு ஆட்டமோ மேல்தளங்களில் கூடுதல். குமட்டல் வரக்கூடியவர்களுக்கு நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், ஜன்னல் உள்ள அறை நல்லது. முன்பதிவின்போது கிடைக்கும் தள வரைபடத்தில் உங்கள் அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் குளத் தளம் இருந்தால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே அரங்கம் இருந்தால் இரவு தூங்க முடியாது. மேலும் கீழும் தங்கும் அறைகளே உள்ள தளம்தான் அமைதி.

பக்கத்து அறை வேறு, உள்கதவால் இணைந்த அறை வேறு. பக்கத்து அறை என்றால் நடைபாதை வழியாகத்தான் போய்வர வேண்டும். சின்னப் பிள்ளைகள் ஓர் அறையிலும் பெற்றோர் இன்னோர் அறையிலும் என்றால் உள்கதவு உள்ள இரண்டு அறைகளை, 'கனெக்டிங் ரூம்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அறை எண்ணைக் கப்பல் நிறுவனமே பிறகு ஒதுக்கும் மலிவான வகை ஒன்று உண்டு. அதில் போட்டால் குடும்பம் ஆளுக்கொரு தளத்தில் சிதறும்.

நான்கு பேரை ஒரே அறையில் அடக்குவதும் அடிக்கடி நடக்கும் தவறு. கூடுதல் இரண்டு படுக்கைகள் கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறங்கும், ஏணியில் ஏற வேண்டும், குளியலறை ஒன்றுதான். சக்கர நாற்காலி இருந்தால் அதன் அகலத்தை அளந்து சொல்லுங்கள். பல கப்பல்களில் சாதாரண அறைக் கதவு சுமார் 60 செ.மீ. அகலம்தான், நாற்காலி நுழையாது. அகலக் கதவுள்ள அறைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் முதலில் தீர்ந்துபோகும்.

பால்கனி அறையில் ஒன்றைக் குழந்தைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது அறைக் கதவையும் திறந்தால், காற்று உள்ளே புகுந்து அந்தக் கனத்த கதவை அறைந்து சாத்தும். நிலைக்கும் கதவுக்கும் இடையே விரல் இருந்தால் நசுங்கிவிடும். ஒரு கதவு மூடியிருந்தால்தான் இன்னொன்றைத் திறக்க வேண்டும். பால்கனித் தடுப்பின் பக்கத்தில் நாற்காலியைப் போடவே கூடாது.

ஆவணங்களில் கோட்டைவிடுவது

பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்கட்டும். ஒரு நாட்டில் ஏறி, வேறு நாட்டுத் தீவுகளைப் பார்த்துவிட்டு, ஏறிய துறைமுகத்துக்கே திரும்பினால் அந்த நாட்டுக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். விசா தேவைப்படும் நாடாக இருந்தால் ஒருமுறை நுழையும் விசா அங்கே பயன்படாது. பலமுறை நுழையும் விசா வேண்டும். குழந்தை தாத்தா பாட்டியோடோ, பெற்றோரில் ஒருவரோடு மட்டுமோ வந்தால், வராத பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள்.

பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்றுவதில்லை. நாட்கணக்கில் கடலிலேயே இருக்கும் பயணம் என்றால் பன்னிரண்டு மாதம் கேட்பார்கள். கர்ப்பிணிகளுக்கு 24 வாரம் பொதுவான எல்லை. அது ஏறும் நாளுக்கான கணக்கல்ல, பயணம் முடியும் நாளுக்கானது.

கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் அது முழு மருத்துவமனை அல்ல. பெரிய சிக்கல் என்றால் கரைக்கு அனுப்பிவிடுவார்கள், சில வேளை ஹெலிகாப்டரில். வீட்டில் வைத்திருக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இதற்குச் செல்லாது. அவசரமாகக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீட்டை எல்லோருக்கும் எடுங்கள், பெரியவர்களின் பழைய நோய்களை மறைக்காமல் எழுதி.

ஏறும் நாள்

கப்பல் கிளம்பும் அன்று காலை விமானத்தில் வந்து இறங்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. முந்தின நாளே போய்விடுங்கள். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகிவிடும். பாஸ்போர்ட், மருந்து, குழந்தையின் மாற்றுடை, நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டு வாசலில் தவிப்பவர்கள் உண்டு. தினசரி மாத்திரைகளை நான்கைந்து நாள் கூடுதலாக, மருந்துச் சீட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென ஏறினால் காக்கும் கருவி) உள்ள எக்ஸ்டென்ஷன் பலகை ஆகியவற்றைத் தீ விபத்துப் பயத்தால் பறிமுதல் செய்துவிடுவார்கள். அறைச் சுவர் பெரும்பாலும் இரும்பு என்பதால் சில காந்தக் கொக்கிகள் இருந்தால் ஈரத் துணி தொங்கவிடலாம்.

பாதுகாப்புப் பயிற்சியைச் சடங்காக நினைக்க வேண்டாம். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் கவிழ்ந்தபோது, அன்றுதான் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு, கப்பல் கிளம்புமுன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி மாறி, 2015 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அவசரம். அப்போது லிஃப்ட் கிடையாது. பாட்டியை எந்தப் படியில் யார் அழைத்துப் போவது என்பதை முதல் நாளே நடந்து பார்த்துவிடுங்கள். குழந்தை அளவு உயிர்காப்புச் சட்டையையும் கேட்டு வாங்கி வையுங்கள். நீச்சல் குளத்தில் எல்லாக் கப்பலிலும் உயிர்காப்பாளர் இருக்க மாட்டார். டயப்பர் போடும் குழந்தைகளைப் பொதுக் குளத்தில் இறக்கவும் விடமாட்டார்கள்.

குமட்டல் வந்த பிறகு மாத்திரை தேடுவது

வாந்தி தொடங்கிவிட்டால் மாத்திரை வயிற்றில் தங்காது. டைமென்ஹைட்ரினேட் வகை மாத்திரையை அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், ஆகவே வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையைக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பு ஒட்டினால் மூன்று நாள் வேலை செய்யும். அது குழந்தைகளுக்கு ஆகாது. முதியவர்களுக்குக் குழப்பம், தலைச்சுற்றல் தரலாம்; கண் அழுத்தம், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பட்டையைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் கண்பாவை விரிந்து பார்வை மங்கும், அதனால் ஒட்டியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆட்டம் அதிகமாகும்போது கைபேசியைக் கீழே வைத்துவிட்டுத் திறந்த தளத்தின் நடுவில் நின்று தொடுவானத்தைப் பார்ப்பது உதவும்.

கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் நோரோ வைரஸ் காரணம். அதற்குக் கிருமிநாசினி ஜெல் அவ்வளவாக உதவாது. சோப்பும் தண்ணீரும் 20 விநாடியும்தான் வேண்டும். யாருக்காவது வந்தால் மறைக்காதீர்கள். முதலில் பாதிக்கப்படுவது அதே அறையில் இருக்கும் உங்கள் பிள்ளைகள்தான்.

தீவில் நேரத்தைத் தவறவிடுவது

கப்பல் நேரமும் தீவு நேரமும் ஒரு மணி நேரம் மாறலாம். கைபேசி தானாகத் தீவு நேரத்துக்கு மாறிக்கொள்ளும், கப்பல் மாறாது. தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டுக் கப்பல் நேரத்தையே வையுங்கள். எல்லோரும் ஏறிவிட வேண்டிய நேரம், கிளம்பும் நேரத்துக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு இருக்கும்; டெண்டர் தீவில் கடைசிப் படகு அதற்கும் முன்னால். கப்பல் நடத்தும் சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் காத்திருப்பார்கள், இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் சேர்த்துவிடுவார்கள். நீங்களே வண்டி பேசிப் போனால் அந்தப் பாதுகாப்பு இல்லை, இரண்டு மணி நேரம் முன்பாகவே திரும்பிவிடுங்கள். பாஸ்போர்ட் நகலும், தினசரி அறிவிப்புத் தாளில் இருக்கும் துறைமுக முகவரின் எண்ணும் பையில் இருக்கட்டும்.

பார்படாஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியாவில் ராணுவ வண்ண உடையைப் பொதுமக்கள் அணிவது சட்டப்படி தடை. பிள்ளைகளின் கால்சட்டைக்கும் அது பொருந்தும். பவளப்பாறைகளைக் காக்க, ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீனைப் பசிபிக் தீவு நாடான பலாவ் 2020-இலும், அதன் விற்பனையை ஹவாய் 2021-இலும் தடைசெய்தன. ஜிங்க் ஆக்சைடு கலந்ததை வாங்குங்கள். கரையில் கிடக்கிறதே என்று பவளத்துண்டைப் பையில் போட்டால் சுங்கத்தில் சிக்கல் வரும்.

கடலில் கைபேசியை ஃபிளைட் மோடில் போடுங்கள். இல்லையென்றால் அது கப்பலின் செயற்கைக்கோள் வலையில் தானாகச் சேர்ந்து பெரும் பில் வரும், சாதாரண ரோமிங் திட்டம் இதில் அடங்காது. ஊழியர்களுக்கான டிப்ஸைப் பல நிறுவனங்கள் தலைக்கு இவ்வளவு என்று தினமும் அறைக் கணக்கில் சேர்க்கும், குழந்தைகளுக்கும் சேர்த்து. நடுப்பயணத்தில் ஒருமுறை கணக்கைப் பாருங்கள்.

இறங்கும் நாளை நெருக்குவது

கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடை, செருப்பு, மருந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டி வைத்துவிட்டால் காலையில் இரவு உடையோடு இறங்க வேண்டிவரும். கப்பல் காலை 7 மணிக்குக் கரை தொட்டாலும் தளம் தளமாகத்தான் இறக்குவார்கள். பிறகு பெட்டி, குடியேற்றச் சோதனை, சுங்கம். மதியம் 1 மணிக்கு முந்தைய விமானத்தைப் போடாதீர்கள். கடைசித் தீவில் யாராவது ஸ்கூபா இறங்கினால், ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. அவருக்காக ஓர் இரவு அங்கேயே தங்குவதா, ஸ்கூபாவை முதல் தீவுக்கு மாற்றுவதா என்பதை டிக்கெட் போடும்போதே முடிவுசெய்துவிடுங்கள்.