வர்ச்சுவல்பாக்ஸின் ‘நேட்’: மாற்றாமலேயே உபுண்டுவுக்குள் நுழைவது எப்படி?

கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருளான வர்ச்சுவல்பாக்ஸில், லினக்ஸ் வகையான உபுண்டுவை நிறுவியாயிற்று. உள்ளே இணையமும் வருகிறது. ஆனால் விண்டோஸிலிருந்து பிங் செய்தால் (‘இருக்கிறாயா?’ என்று இன்னொரு கணினியைக் கேட்கும் கட்டளை) பதிலே இல்லை. தருமபுரியில் எங்களிடம் லினக்ஸ் பழக வருபவர்கள் தொடக்கத்திலேயே கேட்கும் கேள்வி இது. ‘பிரிட்ஜ்டுக்கு மாற்றிவிடு’, அதாவது உபுண்டுவை வெளி வலையமைப்பில் தனிக் கணினியாகவே சேர்த்துவிடு என்பதுதான் எல்லோரும் சொல்லும் வைத்தியம். அவசரப்படாதீர்கள். அரூரிலோ பென்னாகரத்திலோ கைபேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவரை வைஃபை வழி பிரிட்ஜ்டு பல நேரம் காலை வாரிவிடும். பதிவு செய்யாத கணினியைச் சேர்க்காத கல்லூரி ஆய்வகத்திலும் அதே கதைதான்.

முதலில் இருப்பதைப் பாருங்கள். செட்டிங்ஸ், நெட்வொர்க், அடாப்டர் 1 என்று போனால் ‘நேட்’ என்றிருக்கும். தானாக அமைவது அதுவே. விண்டோஸின் முகவரிக்குப் பின்னால் நின்று உபுண்டு வெளியே போகும் முறை இது. உபுண்டுவின் முகவரி வழக்கமாக 10.0.2.15, கேட்வே (வெளியே போகும் வழி) 10.0.2.2. பக்கத்து மேசைக்காரரின் உபுண்டுவிலும் அதே எண்தான் இருக்கும், திகைக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனி வலையமைப்பு. உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து உள்ளே வர நாம்தான் கதவு வைக்க வேண்டும்.

1. உபுண்டுவில் ஓபன்எஸ்எஸ்எச் சர்வரை நிறுவுங்கள். இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வந்து கட்டளை கொடுக்க விடுவது இதுதான். டெஸ்க்டாப் பதிப்பில் அது இருக்காது. இதை மறந்துவிட்டுப் போர்ட்டை (கணினியின் எண்ணிட்ட வாசலை) திட்டுபவர்களே அதிகம்.

2. அதே நேட் பக்கத்தில், விண்டோஸின் ஒரு போர்ட்டுக்கு வருவதை உபுண்டுவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கைத் திறந்து, கூட்டல் குறியை அழுத்துங்கள்.

3. புரோட்டோகால் (தரவு அனுப்பும் முறை) கட்டத்தில் டிசிபி ஏற்கெனவே நிற்கும். எஸ்எஸ்எச்சுக்கு அதுதான் வேண்டும், தொடாதீர்கள். ஹோஸ்ட் என்பது விண்டோஸ், கெஸ்ட் என்பது உபுண்டு. ஹோஸ்ட் ஐபி 127.0.0.1 (அதே கணினியையே குறிக்கும் முகவரி), ஹோஸ்ட் போர்ட் 2222, கெஸ்ட் போர்ட் 22. கெஸ்ட் ஐபி காலியாகவே இருக்கட்டும்.

ஹோஸ்ட் ஐபியையும் காலியாக விட்டால் வேலை நடக்கும்தான். ஆனால் அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களுக்கும் கதவு திறந்துவிடலாம். ஆய்வகத்தில் அந்தத் தாராளம் வேண்டாம்.

4. விண்டோஸின் கட்டளைத் திரையில் 127.0.0.1 முகவரிக்கு, 2222 போர்ட் வழியாக, உபுண்டுவின் பயனர் பெயரில் எஸ்எஸ்எச் கொடுங்கள். கடவுச்சொல் கேட்டால் சேர்ந்துவிட்டீர்கள்.

பிங் மட்டும் இப்போதும் போகாது. அது ஐசிஎம்பி வகை, அதற்குப் போர்ட்டே கிடையாது. இங்கே டிசிபியையும் யுடிபியையும் மட்டுமே திருப்பிவிட முடியும். பிங் வராததை வைத்து அமைப்பைக் கலைத்துவிடாதீர்கள்.

வர்ச்சுவல்பாக்ஸுக்குள் இருக்கும் இரண்டு மெஷின்கள் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் அதன் நெட்வொர்க் மேனேஜரில் ‘நேட் நெட்வொர்க்’ ஒன்றை உருவாக்கி, இரண்டையும் அதில் சேருங்கள். போர்ட் விதியை அங்கே புதிதாக எழுத வேண்டும். அப்போது கெஸ்ட் ஐபியைக் காலியாக விடக் கூடாது.