பழகிய சொல்லில்தான் பிழை நேர்கிறது

தெரியாத ஆங்கிலச் சொல் வந்தால் அகராதியைப் புரட்டுகிறோம்; தெரிந்த சொல்லுக்கு யாரும் புரட்டுவதில்லை. நான் திருத்திய தமிழாக்கங்களில் பெரும்பாலான பிழைகள், பள்ளியிலேயே பழகிவிட்ட எளிய சொற்களில்தான் இருந்தன.

ஒரு கிரயப் பத்திரத்தின் தமிழாக்கத்தில், ‘பன்னிரண்டு லட்சம் ரூபாய் பரிசீலனைக்காக இச்சொத்து விற்கப்படுகிறது’ என்ற வரியைக் கண்டேன். கன்சிடரேஷன் என்றால் பரிசீலனை என்று படித்தது தவறில்லை. ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அச்சொல், ஒருவர் தரும் வாக்குறுதிக்கு ஈடாக மற்றவர் தருவதை அல்லது செய்வதைக் குறிக்கிறது. கிரயப் பத்திரத்தில் அது விலையாகக் கொடுக்கும் தொகை. அதே பத்திரத்தில் எக்ஸிக்யூட் என்று வருவதை ‘நிறைவேற்றினார்’ என்று எழுதியிருந்தார்கள். நம் பத்திர எழுத்தர்கள் காலங்காலமாக எழுதிவரும் ‘எழுதிக்கொடுத்தார்’ என்பது இருக்க, வேறு சொல் எதற்கு?

சாங்ஷன் இன்னும் கவனம் வேண்டும் சொல். வங்கியில் கடன் சாங்ஷன் ஆனால் மகிழ்கிறோம். ஒரு நாட்டின்மீது சாங்ஷன் விதித்தால் அது பொருளாதாரத் தடை. சட்டம், கட்டளை என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்ததால், சட்டம் தரும் ஒப்புதலும் சட்டத்தை மீறினால் வரும் தண்டனையும் ஒரே சொல்லில் தங்கிவிட்டன. ஓவர்சைட் என்பதும் அப்படித்தான்: குழு ஒன்றின் பணியாகச் சொன்னால் மேற்பார்வை, நேர்ந்த பிழைக்குக் காரணமாகச் சொன்னால் கவனப்பிசகு. இரண்டையும் மாற்றி எழுதினால், கண்காணித்த அதிகாரியே கோட்டைவிட்டவர் ஆகிவிடுவார்.

எந்த நாட்டு ஆங்கிலம் என்று பாராமல் மொழிபெயர்ப்பதும் தவறு. கூட்டத்தில் ஒரு பொருளை டேபிள் செய்வது பிரிட்டனில் அதை விவாதத்துக்கு முன்வைப்பது, அமெரிக்காவிலோ ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இச்சொல்லால் நெடுநேரம் வாதிட்டதைச் சர்ச்சில் பதிவு செய்திருக்கிறார்; உண்மையில் இரு தரப்பும் விரும்பியது ஒன்றையே.

அகராதியைத் திறந்தவர்களும் முதலில் உள்ள பொருளை எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி பொருள்களைக் கால வரிசையில் தருவதால், முதலில் நிற்பது மிகப் பழைய பொருள். அது இன்று வழக்கொழிந்ததாகவும் இருக்கலாம். அதன் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் செட் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள் உள்ளன. அத்தனையையும் மனப்பாடம் செய்ய யாராலும் இயலாது, தேவையும் இல்லை. மாணவர்களுக்கான அகராதி ஒன்றை எடுத்து, பொருளைப் பார்க்கும் முன் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். உங்கள் வாக்கியத்தில் அச்சொல்லுக்கு முன்னும் பின்னும் நிற்கும் சொற்கள் எந்த எடுத்துக்காட்டோடு ஒத்துப்போகின்றனவோ, அதற்குரிய பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.