கையடக்கக் கருவியில் மெமரி கார்டு வசதி: உரிமக் கட்டணங்களைக் கணக்கிடும் முறை

ஒலிப்பதிவுக் கருவி, விளையாட்டுக் கருவி, அளவீட்டுக் கருவி என எதைத் தயாரித்தாலும், அதில் மெமரி கார்டு செருகுவதற்கு இடம் வைக்க முடிவு செய்த அன்றே, நீங்கள் இரண்டு வெவ்வேறு உரிமையாளர்களின் எல்லைக்குள் காலெடுத்து வைக்கிறீர்கள். கருவியும் கார்டும் மின்வழியே பேசிக்கொள்ளும் முறை ஒரு தரப்புக்குச் சொந்தமானது; அந்தக் கார்டுக்குள் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை, அதாவது கோப்பு முறைமை, இன்னொரு தரப்பிலிருந்து வந்தது. செலவுத் திட்டத்தில் பலர் இவ்விரண்டையும் ‘எஸ்டி உரிமம்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். ஒன்றுக்குப் பணம் கட்டினால் மற்றொன்று தீர்ந்துவிடாது என்பதால், அந்த ஒற்றை வரியை முதலில் இரண்டாகப் பிரித்தெழுதுங்கள்.

எந்தக் கட்டணத்தையும் விசாரிப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: வாங்கியவர் அந்தக் கார்டைக் கழற்றித் தம் கணினியில் செருகுவாரா, மாட்டாரா? இந்த விடையைச் சுற்றுப்பலகை வரைவதற்கு முன்பே எழுதிவைத்துவிட்டால், பின்னால் வரும் பேச்சுவார்த்தைகளில் பாதி தேவைப்படாமலே போய்விடும்.

மாட்டார் என்றால், கார்டே எதற்கு என்று கேட்டுப் பார்க்கலாம். பலகையில் நேரடியாகப் பற்றவைக்கப்படும் இஎம்எம்சி நினைவகம், மின்னணு உறுப்புகளுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலையைப் பின்பற்றுவது. எஸ்டி சின்னமோ அதற்கான ஒப்பந்தமோ அதற்குத் தேவையில்லை. அதன் மேல் ஈஎக்ஸ்டி4 போன்ற திறந்த கோப்பு முறைமையை வைத்து, உள்ளே இருப்பதை யுஎஸ்பி கேபிள் வழியாக எம்டிபி நெறிமுறையில் கணினிக்குக் காட்டினால், உள்ளே எந்தக் கோப்பு முறைமை இருக்கிறது என்பது கணினிக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஏனெனில் எம்டிபியில் கணினி கோப்புகளைத்தான் கேட்கிறது; வட்டின் கட்டங்களைத் தானே தொடுவதில்லை. ஆண்ட்ராய்டு கைபேசிகள் பழைய யுஎஸ்பி சேமிப்பு முறையைக் கைவிட்டு எம்டிபிக்கு மாறியதால் கிடைத்த வசதிகளுள் இதுவும் ஒன்று. கழற்றக்கூடிய கார்டே இருந்தாலும், அதைக் கணினியில் நேரடியாகப் படிக்க முடியாது என்று வாங்குபவரிடம் சொல்லிவிடத் துணிவிருந்தால், இதே வழி கோப்பு முறைமைக் கட்டணத்தை மட்டும் தவிர்த்துத் தரும்.

கழற்றுவார் என்றால், இரண்டு அடுக்குகளையும் தனித்தனியே கணக்கிட வேண்டியதுதான்.

முதல் அடுக்கு எஸ்டி. பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் 1999இல் இந்தக் கார்டை அறிவித்து, 2000இல் எஸ்டி சங்கத்தைத் தொடங்கின. தரநிலையை எழுதுவதும் திருத்துவதும் சங்கத்தின் வேலை. அதற்கு அவசியமான காப்புரிமைகளுக்கும் சின்னங்களுக்கும் உரிமம் வழங்குவது எஸ்டி-3சி என்ற தனி நிறுவனம். கார்டைத் தயாரிப்பவருக்கு ஓர் ஒப்பந்தம், கார்டைப் பயன்படுத்தும் கருவியைத் தயாரிப்பவருக்கு வேறோர் ஒப்பந்தம். கார்டு தயாரிப்பாளர்களிடம் விற்பனையில் 6 விழுக்காடு கேட்கப்பட்டது. அதை எதிர்த்து சாம்சங் 2010இல் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, தம் கருவியின் விலையிலும் விழுக்காடு போய்விடுமோ என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது. கருவித் தயாரிப்பாளருக்கான ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒரு நிலையான தொகை கொண்டது. அது நீண்ட காலமாக 1,000 டாலர் என்ற அளவிலேயே இருந்துவந்துள்ளது. அதனுடன் சங்க உறுப்பினர் கட்டணமாக ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் சேரும். இரண்டும் கருவிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவை அல்ல. ஆனால் கருவியை விற்கும் ஆண்டுகள் முழுவதும் தொடர்பவை. ஆகவே இதைத் தொடக்கச் செலவுக் கணக்கில் எழுதாமல், ஆண்டுச் செலவுக் கணக்கில் எழுதுங்கள். நடப்புத் தொகையைச் சங்கம் வெளியிடும் கட்டணப் பட்டியலிலிருந்தே எடுங்கள்.

இங்கே வழக்கமாகத் தடுமாற வைக்கும் நம்பிக்கைகள் இரண்டு. சிப் தயாரித்தவர் ஏற்கெனவே உரிமம் பெற்றிருப்பார், அதுவே நமக்கும் போதும் என்பது ஒன்று. சந்தைக்குப் போகும் முழுக் கருவிதான் ஒப்பந்தத்தின் பார்வையில் கருவி. அதன் பெயரில் விற்பவர்தான் பொறுப்பாளி. சங்கம் 2006 முதல் சுருக்கப்பட்ட தரநிலை ஆவணத்தை இலவசமாக வெளியிடுகிறது, ஆகவே அதைப் பார்த்து, அதிலும் எஸ்பிஐ என்ற எளிய மின்னிணைப்பு முறையில் எழுதிக்கொண்டால் உரிமம் வேண்டாம் என்பது மற்றொன்று. ஆவணத்தைப் படிக்கக் கிடைத்த அனுமதி அதைக் கருவியாக்கி விற்கக் கிடைத்த அனுமதி ஆகாது. ஆவணத்தின் முன்பக்க நிபந்தனைகளே இதைச் சொல்கின்றன. கார்டின் உள்ளடக்கப் பாதுகாப்புக்கான சிபிஆர்எம் வேறு ஓர் அமைப்பிடமிருந்து பெற வேண்டிய தனி உரிமம். பாதுகாக்கப்பட்ட இசையையோ படத்தையோ கார்டில் வைக்கும் எண்ணம் இல்லையென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இரண்டாவது அடுக்கான கோப்பு முறைமையில்தான் பணமும் குழப்பமும் அதிகம். எஸ்டி தரநிலையே கார்டின் கொள்ளளவை வைத்துக் கோப்பு முறைமையை வகுத்துவிடுகிறது: 32 ஜிபி வரையிலான எஸ்டிஹெச்சி கார்டுக்கு ஃபேட்32, அதற்கு மேல் 2 டிபி வரையிலான எஸ்டிஎக்ஸ்சி கார்டுக்கும், 2018இல் வந்த எஸ்டியுசி கார்டுக்கும் எக்ஸ்ஃபேட். இரண்டு முறைமைகளும் மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தவை. ஆகவே ‘எத்தனை ஜிபி கார்டு வரை ஏற்கும்’ என்று விளம்பரப் பிரிவு பெட்டியில் அச்சிடும் எண், உண்மையில் உரிமம் குறித்த முடிவு. எஸ்டிஎக்ஸ்சி சின்னத்தை அச்சிட்டால் எக்ஸ்ஃபேட்டைப் படித்தாக வேண்டும்.

ஃபேட் வரலாறு கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது, ஏனெனில் பழைய அச்சம் இன்னும் பலரிடம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2003 டிசம்பரில் ஃபேட் முறைமைக்கு உரிமம் அறிவித்தபோது கேட்டது கருவி ஒன்றுக்கு 25 சென்ட், ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். சர்ச்சைக்குரிய காப்புரிமைகள் ஃபேட்டின் அடிப்படையைப் பற்றியவை அல்ல. நீண்ட கோப்புப் பெயரையும் பழைய குறும்பெயரையும் ஒரே அடைவில் சேர்த்துவைக்கும் தந்திரத்தைப் பற்றியவை. ஃபேட் அடைவில் ஒரு பதிவுக்கு 32 பைட். பழைய முறைப்படி அதில் எட்டு எழுத்துப் பெயரும் மூன்று எழுத்து நீட்சியும் மட்டுமே அடங்கும். நீண்ட பெயரைப் பதின்மூன்று பதின்மூன்று எழுத்துகளாக நறுக்கி, பழைய மென்பொருளின் கண்ணில் படாதபடி விசேஷக் குறியிட்ட கூடுதல் பதிவுகளில் வைத்துவிட்டு, அவற்றை அடுத்து ஒரு குறும்பெயரையும் எழுதிவைப்பதே அந்தத் தந்திரம். 2009 பிப்ரவரியில் வழிகாட்டிக் கருவி தயாரிக்கும் டாம்டாம் மீது மைக்ரோசாஃப்ட் தொடுத்த வழக்கு இதையும் சார்ந்தது. அடுத்த மாதமே சமரசம் ஆனது, டாம்டாம் பணம் கொடுத்ததோடு, அந்த வசதிகளை இரண்டு ஆண்டுக்குள் நீக்கவும் ஒப்புக்கொண்டது. இரண்டு பெயர்களில் ஒன்றை மட்டும் எழுதும்படி லினக்ஸ் நிரலைத் திருத்தும் முயற்சிகள் அதே ஆண்டில் வந்தன. 1990களில் பெறப்பட்ட அந்தக் காப்புரிமைகள் இப்போது காலாவதியாகிவிட்டன. எனவே இன்று ஃபேட்32 முறைமையை நீண்ட பெயர்களோடு கருவியில் சேர்ப்பதற்காக ஒருவர் கட்டணம் கேட்டால், எந்தக் காப்புரிமையின் எண்ணுக்காக என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்படியானால் ஃபேட்32 போதுமா? கொள்ளளவு இங்கே தடையன்று. வழக்கமான 512 பைட் பிரிவுகளோடு அது 2 டிபி வரை செல்லும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைக் கருவியே ஃபேட்32ஆக ஃபார்மட் செய்துகொண்டால் அது வேலை செய்யும். உண்மையான எல்லை, ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதே. இதை உங்கள் கருவியின் கோப்பை வைத்தே அளந்து பாருங்கள். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரட்டை ஒலித்தடம் என்றால் ஒரு நொடிக்கு 5,76,000 பைட். 4 ஜிபி நிரம்ப ஏறக்குறைய 2 மணி 4 நிமிடம் ஆகும். மேலும் சாதாரண வேவ் கோப்பின் தலைப்பிலேயே அளவைக் குறிக்க 32 பிட்தான் இருக்கிறது. ஆகவே எக்ஸ்ஃபேட்டுக்குப் பணம் கொடுத்தாலும் அந்தக் கோப்பு 4 ஜிபியில் நின்றுவிடும். ஒலிப்பதிவுக் கருவி செய்பவர், பதிவு முறியாமல் அடுத்த கோப்புக்குத் தாவும் நிரலை ஒழுங்காக எழுதினால் போதும் என்பது என் கருத்து. உயர்தரக் காணொளி எடுக்கும் கருவிக்கு இதே ஆலோசனையைச் சொல்ல மாட்டேன். அங்கே 4 ஜிபி சில நிமிடங்களிலேயே நிரம்பும், துண்டு துண்டான கோப்புகள் வாங்கியவரின் பொறுமையைச் சோதிக்கும்.

கடையில் வாங்கிய 128 ஜிபி கார்டைப் புதிதாகச் செருகும்போது அது எக்ஸ்ஃபேட்டாகத்தான் வரும் என்பதை மறக்க வேண்டாம். ஃபேட்32 மட்டும் அறிந்த கருவி, ‘இந்தக் கார்டை ஃபார்மட் செய்யட்டுமா, உள்ளே இருப்பவை அழிந்துவிடும்’ என்று தெளிவாகக் கேட்க வேண்டும். ‘கார்டு பழுது’ என்று காட்டினால் வாடிக்கையாளர் சேவைக்கு வரும் அழைப்புகளின் செலவு உரிமக் கட்டணத்தைத் தின்றுவிடும்.

எக்ஸ்ஃபேட் வேண்டும் என்று முடிவானால், கருவியில் ஓடுவது லினக்ஸா, வேறா என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது. 2009 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த உரிமத் திட்டத்தில் கேமரா, கேம்கார்டர், டிஜிட்டல் படச்சட்டம் ஆகியவற்றுக்கு 3,00,000 டாலர் என்ற ஒரே தொகை. கைபேசி, கணினி போன்றவற்றுக்கு எண்ணிக்கையைப் பொறுத்த விலை. ஒரே தொகை யாருக்குச் சாதகம் என்பதைக் கணக்கே சொல்லும்: பத்து லட்சம் கேமரா விற்பவருக்கு ஒன்றுக்கு 30 சென்ட்; 20,000 விற்பவருக்கு ஒன்றுக்கு 15 டாலர். பழைய ஃபேட் திட்டத்தில் அதே 20,000 கருவிகளுக்கு மொத்தமே 5,000 டாலர்தான். சிறு தயாரிப்பாளர் எந்தக் கட்டணத்தையும் தம் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்த பிறகே ‘மலிவு’ என்ற சொல்லை ஏற்க வேண்டும்.

பிறகு 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ஃபேட்டின் தரநிலையைப் பொதுவில் வெளியிட்டு, லினக்ஸின் மைய நிரலான கெர்னலில் அதைச் சேர்ப்பதை ஆதரித்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 5.4 பதிப்பில் சோதனை நிலை டிரைவரும், 2020 மே மாதம் வந்த 5.7 பதிப்பில் சாம்சங் எழுதிய புதிய டிரைவரும் இடம்பெற்றன. லினக்ஸ் கருவியாக இருந்தால் அந்த டிரைவரையே பயன்படுத்துங்கள். அதோடு, லினக்ஸ் சார்ந்த காப்புரிமைகளை உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் திறந்துவிடும் அமைப்பான ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க்கின் ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுங்கள். அது நீண்ட காலம் கட்டணமின்றிக் கிடைத்துவந்தது; நடப்பு நிபந்தனையை அந்த அமைப்பிடமே கேளுங்கள். ஆனால் லினக்ஸ் சார்ந்த உங்கள் காப்புரிமைகளையும் மற்ற உறுப்பினர்களுக்குத் திறந்துவிடுகிறீர்கள். எந்த மென்பொருள்கள் அந்தப் பாதுகாப்புக்குள் வருகின்றன என்ற பட்டியலை அந்த அமைப்பு அவ்வப்போது திருத்துவதால், நடப்புப் பட்டியலின் படி ஒன்றைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் அல்லாத சிறு கருவிகளில்தான் கவனம் அதிகம் வேண்டும். மைக்ரோகன்ட்ரோலர்களில் பரவலாக உள்ள ஃபேட்எஃப்எஸ் நூலகம் எக்ஸ்ஃபேட்டையும் அறியும். ஆனால் அந்த வசதி அணைக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது. அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால் அது இயங்கும். அந்த ஒரு மாற்றத்தை அவசரத்தில் ஒரு பொறியாளர் செய்துவிட்டால், நிறுவனம் தனக்கே தெரியாமல் காப்புரிமை உரிமம் தேவைப்படும் பொருளை விற்கத் தொடங்கிவிடும். நூலகத்தின் பதிப்புரிமை தாராளமானது என்பது உண்மையே. ஆனால் பதிப்புரிமை அனுமதி வேறு, காப்புரிமை அனுமதி வேறு. சாம்சங்கின் பழைய எக்ஸ்ஃபேட் நிரல் 2013லேயே ஜிபிஎல் உரிமத்தில் (எடுத்துச் சேர்த்து வெளியிடுபவரும் தம் நிரலைத் திறந்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனை கொண்டது) வெளியாகி யாரும் எடுக்கும் நிலையில் இருந்தும், லினக்ஸ் உலகம் 2019 வரை காத்திருந்ததற்குக் காரணம் இதுதான். கெர்னலில் உள்ள டிரைவரை மூடிய ஃபர்ம்வேருக்குள், அதாவது கருவியின் உள்நிரலுக்குள், நகலெடுப்பது இன்னும் மோசம்: காப்புரிமைப் பாதுகாப்பும் கிடைக்காது, ஜிபிஎல் நிபந்தனையும் மீறப்படும். இப்படிப்பட்ட கருவிக்கு மைக்ரோசாஃப்டிடம் உரிமம் கேட்கலாம், அல்லது டக்செரா, பாராகான் போன்றோரிடம் டிரைவரை வாங்கலாம். அவர்களிடம் வாங்கினால், விலைக்குள் காப்புரிமை உரிமமும் அடங்குமா, அல்லது அதை நீங்களே தனியாகப் பெற வேண்டுமா என்பதை முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் வழக்கறிஞரிடம் கொடுப்பதற்கு முன் நீங்களே தேட வேண்டிய இடங்கள் சில உண்டு. கட்டணம் தயாரித்த கருவிக்கா, அனுப்பிய கருவிக்கா, விற்ற கருவிக்கா? திரும்பி வந்து பழுதுநீக்கி மறுபடி விற்கப்படுவது இரண்டாவது முறை எண்ணப்படுமா? ஒப்பந்தத் தொழிற்சாலை செய்து தரும்போது செலுத்த வேண்டியவர் யார்? ஏற்கெனவே விற்ற கருவிகளுக்கு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வழியாக வசதியைத் தந்தால், அவை அனைத்துக்கும் சேர்த்துச் செலுத்த வேண்டுமா, அல்லது உண்மையில் வசதியை இயக்கியவற்றுக்கு மட்டுமா? கடைசிக் கேள்வி கற்பனையன்று. 2017இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்சில் மைக்ரோஎஸ்டிஎக்ஸ்சி கார்டைப் பயன்படுத்த முதலில் ஒரு புதுப்பிப்பை இறக்க வேண்டியிருந்தது. பெரிய கார்டு வாங்காதவர்களின் கருவிக்கு அது தேவைப்படவே இல்லை. காரணம் எதுவாக இருந்தாலும், ‘இயக்கிய கருவிக்கு மட்டும் கட்டணம்’ என்ற விதியைப் பேசிப் பெற முடிந்தால், இதே அமைப்பு உங்களுக்கும் பயன்படும். அப்போது எத்தனை கருவிகள் அந்த டிரைவரை இறக்கின என்ற பதிவை உங்கள் சேவையகத்தில் முதல் நாளிலிருந்தே வைத்திருங்கள்; உரிமம் தந்தவர் தணிக்கை கேட்கும்போது காட்ட வேண்டிய சான்று அதுதான்.