குரல் நடிப்புக்கு வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் புதியவர்களுக்குக் குரல் தேர்வு நடத்தினேன். ஒலிவாங்கியைத் தட்டுவது, தாளைச் சலசலக்க விடுவது போன்றவற்றை ஒருமுறை சொன்னாலே திருத்திக்கொள்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். ஆனால் வந்த எட்டுப் பேரில் ஐந்து பேர், இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவற்றைச் செய்ததைக் கண்டு மனம் பதைத்தது.

தாங்க முடியாத குரலைத் தேர்வில் கொடுப்பது

கிழவர் என்றதும் தொண்டையை இறுக்கிக் கரகரவென்று பேசுகிறார்கள். தேர்வில் பேசுவது நான்கே வரி. வாய்ப்புக் கிடைத்துவிட்டால் இருபத்தாறு பாகங்களுக்கும் அதே குரல் வேண்டும். ஒரு கேலிச்சித்திரத் தொடரின் தமிழாக்கத்தில் கிழட்டு ஆமைக்கு நான் அப்படித்தான் குரல் கொடுத்தேன். நான்காவது பாகத்திற்குள் கரகரப்பு கழன்று என் சொந்தக் குரல் தெரியத் தொடங்கியதால், முந்தைய மூன்று பாகங்களையும் ஊதியமின்றி மீண்டும் பேச நேர்ந்தது. அதன்பின் மூன்று வாரம் தொண்டை கட்டிக்கொண்டு, கையிலிருந்த வானொலி நாடகமும் போயிற்று. அதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

சாதாரணப் பேச்சிலேயே ஆண்களின் குரல்நாண்கள் நொடிக்கு நூறு தடவைக்கு மேலும், பெண்களுடையவை ஏறத்தாழ இருநூறு தடவையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இறுக்கிப் பேசினால் மோதல் கடுமையாகி வீக்கம் காணும். தொடர்ந்தால் முடிச்சுகள் விழும். பக்ஸ் பன்னி என்ற கேலிச்சித்திர முயலுக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க்குக்கே, அதே தொடரில் எப்போதும் கத்தும் யொசமிட்டி சாம் என்ற பாத்திரம் தொண்டையைப் புண்ணாக்கியது. 1988இல் வெளிவந்த ‘ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட்’ படத்தில் அவருக்குப் பதிலாக யொசமிட்டி சாமை ஜோ அலாஸ்கிதான் பேசினார்.

இன்று அந்த ஆமையைப் பேசச் சொன்னால், தொண்டையை இறுக்க மாட்டேன். கீழ்த்தாடையைத் தளர்த்தி, வரி முடியும் முன்பே மூச்சு தீர்ந்துபோக விடுவேன்: “தம்பி, வா...” என்று நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, “உட்காரு.” அந்தக் குரலில் இருபது விநாடியைக் கைப்பேசியில் பதிந்து, ஒவ்வொரு நாளும் பதிவுக்கு முன் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன்.

கத்தும் காட்சியை முதலில் பேசுவது

இறுதியில் பேசுகிறேன் என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

தொண்டையைச் செருமுவது

வேண்டாம். தண்ணீர் குடியுங்கள்.

கிள்ளான் தோட்டத்துப் பாட்டியைச் சென்னைத் தமிழில் பேசவைப்பது

நம் மலேசிய வீட்டுப் பேச்சின் ஏற்ற இறக்கம் நமக்குத் தெரியும். அதை மறைக்க வேண்டியதில்லை.

உதட்டை மட்டும் பார்ப்பது

1980களில் நடிகர் மோகனின் பல படங்களில் ஒலித்தது எஸ். என். சுரேந்தரின் குரல், அது மோகனுடையதே என்று நம்பியவர்கள் ஏராளம். உதட்டசைவு பொருந்தினால் மட்டும் அந்த நம்பிக்கை வந்துவிடாது. திரையில் இருப்பவர் வசனம் தொடங்குமுன் மூச்சை இழுக்கும்போது அவருடைய தோள் சற்றே உயரும். அந்த நொடியில் நீங்களும் மூச்சை இழுங்கள்.